மூடிக்குள் எழுதுகிறவர்

எங்கள் வீட்டு இரும்புக் கேட்டைத் திறப்பதற்கு முன்னால் அவர் அதைப் புறங்கையால் ஒரு தொடு தொட்டுப் பார்ப்பார். பிறகுதான் தாழ்ப்பாளில் விரல் வைப்பார். ஆறு வருடமாக எங்கள் வீட்டுக்கு வருகிற எலக்ட்ரீஷியன் அவர். கேட்டுக்குப் பக்கத்தில் மின்சாரக் கம்பி எதுவும் கிடையாது. ஆனாலும் தொடுவார். வாசல் கதவின் கைப்பிடி, ஃபிரிட்ஜ், குளியலறைக் குழாய், ஒருமுறை என் மனைவி நீட்டிய எவர்சில்வர் டம்ளர் என்று உலோகமாக இருப்பது எல்லாவற்றுக்கும் முதலில் புறங்கைதான். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே ‘புறங்கை’ என்று ஆகிவிட்டது. பெரியவர்களுக்குப் புறங்கை அண்ணன். என் ஒன்பது வயது மகளுக்குப் புறங்கை மாமா.

ஏன் புறங்கை என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஷாக் அடித்தால் விரல்கள் உள்பக்கமாக மடங்கும். உள்ளங்கையால் தொட்டவன் அந்தப் பொருளையே இறுகப் பிடித்துக்கொள்வான். புறங்கையால் தொட்டவனின் கை விலகிவிடும். இதை ஒருநாள் சாப்பிடும்போது வீட்டில் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அண்ணன் எவ்வளவு யோசிச்சு வேலை செய்றாரு பாருங்க” என்றாள் மனைவி. விளக்கியது நான், பேர் அவருக்கு.

எனக்கு அவர்மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. ஐம்பது வயதிருக்கும். குள்ளம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்துபோய், அதற்குப் பதில் சிவப்பு ஒயரை வளைத்துக் கட்டியிருப்பார். சட்டைப் பையில் டெஸ்டர், காதிடுக்கில் தச்சர்கள் வைத்திருப்பது போன்ற தட்டைப் பென்சில். தோள்பையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, துணியில் சுற்றி, சொட்டு ஈரம் இல்லாமல். தெருவில் போட்டு வந்த செருப்பை வாசலில் விட்டுவிட்டு இதை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். வீட்டுக்குள் செருப்பா என்று யார் வந்தாலும் முகம் சுளிக்கிற என் மனைவி, இவருக்கு மட்டும் வாய் திறப்பதில்லை. நான் ஒருநாள் அதே போல ரப்பர் செருப்போடு சமையலறைக்குள் போய்ப் பார்த்தேன். அன்று வாங்கிக்கட்டிக்கொண்டதை இங்கே எழுதப்போவதில்லை.

வந்தவுடன் போர்டைத் திறக்க மாட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். “கடைசியா என்ன செஞ்சீங்க?” என்பார். சொன்னால், “அதுக்கு முன்னாடி?” என்பார். அதையும் சொன்னால், “அப்ப வேற எது ஓடிட்டு இருந்துச்சு?” வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் கேட்பார், சின்னவர்களை முதலில். “பிள்ளைங்க நடந்தத சொல்லிடும். பெரியவங்க எல்லாரும் ‘நாங்க ஒண்ணும் பண்ணல, அதுவா போச்சு’ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அதுவா எதுவும் போகாதும்மா. யாராவது எதையாவது செஞ்சிருப்பாங்க, இல்ல செய்ய வேண்டியத விட்டிருப்பாங்க.” இந்த வசனத்தை அவர் வாயால் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். சொல்லும்போது குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இருக்காது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

முதல் அடி ஹால் விளக்கால் விழுந்தது. இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் விளக்கு மங்கி மங்கி எரிந்தது. மின்னழுத்தக் குறைபாடு என்று முடிவுகட்டி, மின்சார அலுவலகத்துக்கு இரண்டு பக்கத்தில் புகார் எழுதினேன். மூன்று நாள் அளவெடுத்துப் போட்ட அட்டவணை ஒன்றையும் இணைத்தேன். அதை அனுப்புவதற்குள் மனைவி இவருக்குப் போன் போட்டுவிட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தவர் என் அட்டவணையை மரியாதையாகப் படித்துப் பார்த்தார். பிறகு, “பக்கத்து வீட்லயும் இப்படி மங்குதான்னு கேட்டீங்களா சார்?” என்றார்.

நான் கேட்கவில்லை. மகள் ஓடிப்போய்க் கேட்டு வந்தாள். பக்கத்து வீட்டில் மங்கவில்லை. “அப்ப கோளாறு நம்ம வீட்டுக்குள்ளதான் இருக்கு” என்று எழுந்தார். மெயினை நிறுத்தி, ஹால் போர்டைத் திறந்து, கருகத் தொடங்கியிருந்த ஒரு திருகை அரைச் சுற்று முறுக்கினார். புகார் மனுவை என் மகள் பின்பக்கம் படம் வரைய எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்யும்போது எனக்கென்று ஒரு பதவி கிடைத்தது. டார்ச் பிடிப்பது. “சார், கொஞ்சம் வெளிச்சம்” என்பார். மெயினை நிறுத்திவிட்டு வேலை பார்க்கிறவருக்கு யாராவது டார்ச் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் ஓமின் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற ஒருவன், தன் வீட்டில், தன் மனைவி பார்த்துக்கொண்டிருக்க, இன்னொரு மனிதனுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பதைப் பிடித்தவனிடம்தான் கேட்க வேண்டும்.

ஒருமுறை வீம்புக்கு வேறொருவரைக் கூப்பிட்டேன். போனில் தேடி, ஐந்து நட்சத்திரம் பார்த்து எடுத்த ஆள். சீருடை, தொப்பி, சக்கரம் வைத்த பெட்டி என்று ஜோராகத்தான் வந்தார். குளியலறை விளக்கு அடிக்கடி பியூஸ் ஆகிறது என்றேன். எந்த மூடியையும் திறக்காமல் வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, “வீடு முழுக்க ஒயரிங்க மாத்திடணும் சார். எல்லாம் பழசு” என்றார். ஏன் என்று கேட்டதற்குத் தலையை மட்டும் வருத்தமாக ஆட்டினார். அவரை வழியனுப்பிவிட்டு வந்து, மனைவி போனை எடுப்பதைப் பார்க்காதவன் போல செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன். புறங்கை வந்தார், விளக்கின் மூடியில் விரிசல், உள்ளே நீராவி இறங்குகிறது என்றார், மூடியை மாற்றினார், போனார்.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எதைத் திறந்து வேலை செய்தாலும், மூடுவதற்கு முன்னால் அந்த மூடியின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதுவார். தேதி, செய்த வேலை. பள்ளிப் பிள்ளையின் கையெழுத்து, உருண்டை உருண்டையாக. எங்கள் ஹால் போர்டின் மூடிக்குள், ‘திருகு லூசு. முறுக்கியாச்சு’ என்று இருக்கும். “மூடின பிறகு யாரும் பாக்கப்போறதில்லையே, எதுக்கு எழுதுறீங்க?” என்று கேட்டேன். “நாளைக்கு வேற ஒருத்தர் வந்து திறப்பாரு சார். உள்ள என்ன நடந்துச்சுன்னு அவருக்குத் தெரியணும்ல. தெரியாம கை வெச்சா ஆபத்து” என்றார். “யார் செஞ்ச வேலையோ அவங்கதான் எழுதணும். ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் எழுதினா தப்பா போயிடும்.” எழுதி முடித்ததும் திருகுகளை முடுக்குவார். எல்லாத் திருகின் தலையிலுள்ள வெட்டும் மேலும் கீழுமாக நேராக நிற்க வேண்டும். எங்கள் தெருவில் எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் அவர் கை பட்ட போர்டு எது என்று சொல்லிவிடலாம்.

எங்கள் மெயின் பெட்டியில் டிரிப் சுவிட்ச் பொருத்தியதும் அவர்தான். வீட்டில் எங்காவது மின்சாரம் கசிந்தால் அது சட்டென்று விழுந்து இணைப்பைத் துண்டித்துவிடும். விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று என் மனைவிக்கும் மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, சுவிட்சைத் தூக்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். எதைச் செருகும்போது மறுபடி விழுகிறதோ அதுதான் திருடன். அவர் இந்தப் பாடம் எடுத்தபோது நான் பள்ளியில் வேறு பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவிட்ச் விழுந்தது. நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதற்குள் அம்மாவும் மகளும் திருடனைப் பிடித்துவிட்டார்கள். வாஷிங் மெஷின். மனைவி போனைக் கையில் எடுத்தாள்.

“போனை வை. நான் பார்க்கிறேன்” என்றேன்.

“ஏங்க, வேணாம். அண்ணன் வந்து பாத்துக்கட்டும்.”

“இந்த வீட்ல எனக்கும் கொஞ்சம் தெரியும்னு ஒரு தடவையாவது நினைச்சுப் பாரேன்.”

சொன்ன விதத்தில் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மெயினை நிறுத்தினேன். வாஷிங் மெஷின் இருப்பது வீட்டின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத மூலையில். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மெஷினுக்கு மேலே இருந்த பிளக் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே அவருடைய உருண்டைக் கையெழுத்து: ‘எர்த் புதுசு. இழுத்துப் பார்த்தாச்சு.’ என் வீட்டுச் சுவருக்குள்ளேயும் அவர்தானா என்று இருந்தது.

பிறகு யோசித்தேன், வாத்தியாராக. மெஷினில் கசிகிற மின்சாரம் எர்த் ஒயர் வழியாக வெளியே போகிறது, அதனால் டிரிப் சுவிட்ச் விழுகிறது. போகிற வழியை அடைத்துவிட்டால்? சுற்று முழுமையடையாது. முழுமையடையாத சுற்றில் மின்னோட்டம் இல்லை. சுவிட்ச் விழாது. எர்த்தான பச்சை ஒயரைக் கழற்றினேன். நுனியை மடக்கிக் கறுப்பு டேப்பைச் சுருக்கமில்லாமல், புத்தகத்துக்கு அட்டை போடுகிற ஒழுங்கோடு சுற்றினேன். கசிவு எங்கும் போய்விடாது, மெஷினின் உடம்பிலேயே ஒரு கை வந்து தொடுவதற்காகக் காத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிற பாடம் அது. இரண்டு நாளில் மெஷின் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஓசைப்படாமல் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளும் கூப்பிடவில்லை.

மெயினைப் போட்டேன். மெஷின் ஓடியது. சுவிட்ச் விழவில்லை.

“பரவாயில்லையே!” என்றாள் மனைவி. கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்தக் கண்ணோடு அவள் என்னைப் பார்த்தது இரண்டு தடவையோ மூன்று தடவையோதான். “என்னங்க ஆச்சு உள்ள?”

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “எல்லாம் உங்க அண்ணன் லட்சணம்தான். எர்த் திருகை முறுக்காமலே விட்டிருக்காரு. நான்தான் முறுக்கி வெச்சேன்” என்றேன்.

அவள் அதை மாடி வீட்டு அக்காவிடம் சொன்னாள். அந்த அக்காவிடம் ஒன்றைச் சொன்னால் தெருவில் நோட்டீஸ் அடித்து ஒட்ட வேண்டியதில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் எதிர் வீட்டுக்காரர் என்னை நிறுத்தி, “புறங்கை வேலைல இப்ப கவனம் இல்லையாமே சார்? எங்க வீட்டு மோட்டருக்கு வேற ஆள பாத்துட்டு இருக்கோம்” என்றார். “வயசாகுது, பாவம்” என்றேன். வீட்டுக்கு நடந்து வரும்போது மனம் குளுகுளுவென்றிருந்தது. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை காலை, வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று மெஷினிலிருந்து தன் பள்ளிச் சீருடையை எடுக்கப் போனாள் மகள்.

அந்த அலறலை என்னால் எழுத முடியாது. அலறல் கேட்ட அதே கணத்தில் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த எல்லாம் நின்றது. டிரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. அவர் பொருத்திய சுவிட்ச். அது இல்லாமல் இருந்திருந்தால்? குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டரிடம் காட்டினோம். நன்றாக இருக்கிறாள் என்று இரண்டு முறை சொன்னார். விரல்கள் மட்டும் அரை மணி நேரம் மரத்துக் கிடந்தன. அந்த அரை மணி நேரமும் மனைவி அவற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் போனை எடுத்தாள்.

வந்தார். கேட்டைப் புறங்கையால் தொட்டார். ரப்பர் செருப்பை மாற்றினார். ஸ்டூலில் உட்காராமல் மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“என்ன கண்ணு ஆச்சு?”

“புடிச்சு உலுக்கிடுச்சு மாமா. அப்புறம் கரண்ட் எல்லாம் போயிடுச்சு.”

“மெஷினு அதுக்கு முன்னாடி ஏதாவது தொந்தரவு பண்ணுச்சா?”

“ஞாயித்துக்கிழமை டிரிப் ஆச்சு. அப்பா சரி பண்ணிட்டாரு.”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போனார். மெயினை நிறுத்திவிட்டு, வழக்கம்போல, “சார், கொஞ்சம் வெளிச்சம்” என்றார்.

பிளக் பெட்டிக்கு முன்னால் நின்றவர் திருகுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான்கும் நான்கு திசையில் சாய்ந்து நின்றன. கழற்றினார். மூடி வந்தது. பச்சை ஒயரும், சுருக்கமில்லாத கறுப்பு டேப்பும் டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தன. பெட்டிக்கு நேராக நின்றது நாங்கள் இருவர்தான். மனைவி மகளை அணைத்துக்கொண்டு பின்பக்கக் கதவுப் படியில் நின்றாள், அவளுக்குப் பின்னால் விஷயம் கேட்டு இறங்கி வந்த மாடி வீட்டு அக்கா.

“டார்ச்ச ஆடாம பிடிங்க சார்” என்றார்.

“அண்ணே” என்றாள் மனைவி. அவரிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. “நீங்க போட்ட எர்த்துதானே அது? முறுக்காம விட்டிருந்தீங்கன்னு இவரு ஞாயித்துக்கிழமையே சொன்னாரு. பிள்ள இருக்குற வீடுண்ணே. நாங்க உங்கள எவ்வளவு நம்பினோம்!”

இதைத்தான் நான் ஆறு வருடமாகக் கேட்க ஆசைப்பட்டேன். அவள் வாயால், அவரைப் பார்த்து. கேட்டுவிட்டேன்.

அவர் டேப்பை நகத்தால் கிளப்பி, நிதானமாகச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். பிரித்ததை உருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மடங்கிக் கிடந்த செம்பை நிமிர்த்தினார்.

“அதுவா எதுவும் போகாதும்மா” என்றார்.

“அப்படின்னா?”

“முதல்ல மெஷினப் பாப்போம்.”

மெஷினின் பின்தகட்டைக் கழற்றிப் பத்து நிமிடம் தேடினார். ஆட்டத்தில் ஒரு ஒயர் உட்புறத் தகட்டோடு உரசி, மேல்தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. ஒயரை மாற்றி, தகட்டில் படாமல் தள்ளிக் கட்டினார். பிறகு பச்சை ஒயரை அதன் இடத்தில் மாட்டி முறுக்கி, இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் திருகைக் கழற்றும்போதே தெருவைக் கூட்டியிருப்பேன். அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்தும்கூட எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கடைசியில் மூடியைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்தார். அவருடைய பழைய வரி அங்கே இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டு, அன்றைய தேதியைப் போட்டு எழுதினார்: ‘மெஷின் ஒயர் உரசல். மாத்தியாச்சு. எர்த் திரும்ப மாட்டியாச்சு.’

மனைவி இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். மாடி வீட்டு அக்கா ஓரடி முன்னால் வந்து கழுத்தை நீட்டினாள்.

அவர் மூடியை என் பக்கமாகத் திருப்பினார். நடுவில் விட்டிருந்த வெற்று இடத்தைக் கட்டைவிரலால் காட்டினார்.

“ஞாயித்துக்கிழமை வேலை விட்டுப்போச்சு சார்” என்று பென்சிலை என்னிடம் கொடுத்தார். பிறகு என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, நான் எழுதுவதற்கு வெளிச்சம் பிடித்தார்.